யாருமில்லை என்று எழுதிய நிலம்

1

நாங்கள் நியூசிலாந்தில் வந்து இறங்கிய நாளை என் மனைவி வசந்தா ஆண்டுதோறும் பாயசம் வைத்துக் கொண்டாடுவாள். இருபத்தெட்டு ஆண்டுகள் நிறைந்த அன்று என் மகள் மேகலா வீட்டுக்கு வந்திருந்தாள். பாயசக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தாள்.

மேகலா இங்கேயே பிறந்தவள். நகரத் திட்டமிடல் படித்துவிட்டு ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறாள். எங்கள் வட்டாரத்தில் புதிதாக ஒரு சிறை கட்ட அரசாங்கம் இடம் தேடிக்கொண்டிருந்தது. மூன்று இடங்களைப் பார்த்து எது தோது என்று சொல்லும் பொறுப்பு அவளுடைய நிறுவனத்துக்கு வந்திருந்தது. அறிக்கையில் ஒரு பகுதியை அவள் எழுத வேண்டும்.

"அப்பா, நீங்க சர்வேயரா இருந்தவர்தானே. பாத்துச் சொல்லுங்க. இந்த மூணாவது இடம்தான் பெஸ்ட். ஆத்தோரம், கவர்ன்மென்ட் லேண்ட், யாரும் இல்ல. சும்மா கிடக்கு."

"நீ போய்ப் பாத்தியா?"

"மேல இருந்து எடுத்த போட்டோ இருக்கு. அது போதும்."

"எங்க ஊர்ல இந்த மாதிரி இடத்தைப் புறம்போக்குன்னு சொல்லுவோம்."

அவள் சிரித்துவிட்டாள். "அது கெட்ட வார்த்தை இல்லையா?"

தமிழ்ப் படங்களில் அந்தச் சொல்லை ஒருவரையொருவர் திட்டுவதற்கு மட்டுமே அவள் கேட்டிருக்கிறாள். தனியார் யாருக்கும் பட்டா இல்லாத அரசாங்க நிலத்துக்கு அந்தப் பெயர் என்று விளக்கினேன்.

"அப்ப ஏன் அதைச் சொல்லித் திட்டறாங்க?"

"ஒண்ணுமில்லாதவங்கதான அதுல குடியிருப்பாங்க. அதான்," என்றாள் வசந்தா.

புகைப்படத்தில் ஆற்றுக்குப் பக்கத்தில் வெள்ளையாகச் சின்னப் பெட்டி போல ஏதோ தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன். யாரோ விட்டுவிட்டுப் போன பழைய கேரவன் வண்டியாக இருக்கும் என்றாள். சனிக்கிழமை நேரில் போய்ப் பார்க்கலாம் என்றேன். உடனே ஒப்புக்கொண்டாள்.

"நீங்க சொன்னா சரியா இருக்கும்ப்பா. இந்த வேலைக்கு இன்டர்வியூ போனப்பவே உங்க கதையைத்தான் சொன்னேன். எங்கப்பா ஒரு ஜெயில் விஷயத்துல பொய் எழுத மாட்டேன்னு வேலையையே விட்டவர்னு."

வசந்தா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து பாயசத்தைக் குடித்தேன்.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்றாக இருந்த பழைய தஞ்சை மாவட்டத்தில், திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு பகுதியில் நான் நில அளவராக இருந்தேன். திராவிடக் கட்சிகள் மாறி மாறி ஆண்டுகொண்டிருந்த காலம். நில உச்சவரம்புச் சட்டம் வந்துவிட்டது, உபரி நிலம் ஏழைகளுக்கு என்று மேடைதோறும் பேசினார்கள். வயலில் வேறு மாதிரி நடந்தது. மிராசுதார்கள் நிலத்தை மைத்துனன், சமையல்காரன், கோயில் என்று பல பெயரில் பிரித்து எழுதிவைத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அறுவடைக்கும் கூலிச் சண்டை வந்தது. வெளியூர் ஆட்களை இறக்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் கொடியை நட்டுக்கொண்டு வரப்பில் நிற்பார்கள். போலீஸ் வேன் வரும். வெள்ளைக்காரன் காலத்துச் சிறையில் ஆட்களைப் படுக்கக்கூட இடமில்லாமல் அடைத்துவைத்தார்கள்.

அதனால்தான் புதுச் சிறை கட்டுவதென்று முடிவானது. அது யாரை அடைக்க என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு இடங்கள் பரிசீலனையில் இருந்தன. ஒன்று, சாலையை ஒட்டிய ஒரு மேடு. பெரிய மிராசுதார் ஒருவர் அதை வேறு பெயர்களில் வைத்திருந்தார். சட்டப்படி அது உபரி நிலம், அரசாங்கம் எடுத்திருக்கலாம். மழைத் தண்ணீர் அங்கே ஒரு மணி நேரம்கூட நிற்காது. இன்னொன்று, வடிகால் வாய்க்கால் ஓரத்தில் இருந்த தாழ்வான புறம்போக்கு. ஐப்பசியில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் கிடக்கும்.

கட்டடப் பொறியாளர் என்னோடு நின்று இரண்டையும் பார்த்தார். வாய்விட்டே சொன்னார். "தம்பி, பள்ளத்துல கட்டினா ஆகற செலவுல பாதி மண்ணுக்கே போயிடும். எந்தப் பைத்தியக்காரன் இதை எடுப்பான்?"

பள்ளத்தைத்தான் எடுத்தார்கள். பைத்தியக்காரத்தனம் ஒன்றும் இல்லை அதில். பள்ளத்தை நிரப்ப மண் வேண்டும், அந்த மண் மிராசுதாரின் மேட்டிலிருந்து வரும். மண்ணுக்கு அரசாங்கம் அவருக்குப் பணம் கொடுக்கும். மண் அடிக்கும் குத்தகை அவருடைய மைத்துனருக்கு. மேட்டை வெட்டி இறக்கியதும் வாய்க்கால் தண்ணீர் அதில் ஏறும். அதுவரை எள் மட்டும் விளைந்த நிலம் இரண்டு போகம் நெல் விளையும் வயலாகிவிடும். மக்கள் வரிப்பணத்தில் ஒருவருடைய நிலத்தை நன்செய்யாக்கிக் கொடுக்கும் திட்டத்துக்குச் சிறை என்று பெயர் வைத்தார்கள்.

இதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. புறம்போக்கில் யாரும் இருக்கக் கூடாது, பயிரும் இருக்கக் கூடாது. அங்கே அப்படி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

3

அங்கே பதினாறு குடும்பங்கள் இருந்தன. வாய்க்கால் கரையில் குடிசை, கீழே நிலம். பண்ணையாட்களாக இருந்து, கூலி கேட்டதற்காகத் துரத்தப்பட்டவர்கள். கோரையும் வேலிக்கருவையும் மண்டிக்கிடந்த இடத்தை அவர்களே வெட்டித் திருத்தி, வருஷத்துக்கு ஒரு சம்பா எடுத்தார்கள். அது முடிந்ததும் ஈரத்திலேயே உளுந்து தெளிப்பார்கள்.

நான் அளக்கப் போனபோது உளுந்து காய் பிடித்திருந்தது. அளவுச் சங்கிலியை இழுத்தபோது செடிகள் மடிந்தன. ஒரு பெண் ஓடிவந்து சங்கிலிக்கு முன்னால் குனிந்து செடிகளைக் கையால் விலக்கிக்கொண்டே வந்தார். எங்களைத் தடுக்கவில்லை. செடி உடையாமல் பார்த்துக்கொண்டார். அவர்தான் பாக்கியம். முப்பது வயது இருக்கும்.

"எதுக்கு சார் அளக்கறீங்க? பட்டா குடுக்கப் போறாங்களா?"

எனக்குத் தெரியும். ஆனால், "மேல இருந்து உத்தரவும்மா, அளக்கச் சொன்னாங்க," என்று மட்டும் சொன்னேன்.

அவர் குடிசைக்குள் போய் மஞ்சள் பை ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே பி மெமோ ரசீதுகள் இருந்தன. பி மெமோ என்பது புறம்போக்கில் பயிர் வைத்தவருக்குத் தாலுகா அலுவலகம் கொடுக்கும் அபராதச் சீட்டு. அரசாங்கம் அதைத் தண்டனை என்று நினைத்தது. அந்த மக்களுக்கு அதுதான் பத்திரம். இத்தனை வருஷம் இந்த மண் எங்கள் கையில் இருந்தது என்று சொல்ல அவர்களிடம் வேறு ஒரு தாளும் கிடையாது.

"பதினோரு வருஷத்து ரசீது சார். தெருவுல எல்லாரோடதும் இதுல இருக்கு. எம் புருசன்தான் கட்டி வச்சாரு. அவரு போன அறுப்புல உள்ள போனவரு, இன்னும் வரல. நீங்க படிச்சவங்க. எங்க வைக்கணுமோ அங்க வச்சிருங்க."

"ஃபைல்ல சேத்துடறேன்," என்று வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன். இதையும் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு நியாயமும் கிடைக்காது.

வெயிலுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தாகம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் பிறந்தவர்கள் அந்தத் தெருவில் தண்ணீர் குடிக்க மாட்டோம். அவருக்கும் அது தெரியும். ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தார். அதை வாங்கிக் குடித்தேன்.

4

தாசில்தார் என் வரைவு அறிக்கையைப் படித்தார். பதினாறு குடும்பம், சாகுபடி, ரசீது எல்லாம் அதில் இருந்தது. கோபப்படவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"இப்படி எழுதினா என்ன ஆகும் தெரியுமா? மாற்று இடம் குடுக்கணும், பயிருக்கு நஷ்டஈடு குடுக்கணும், கேஸ் வரும். சிறை வராது. மினிஸ்டர் அறிவிச்சாச்சு. உங்க பேருதான் அடிபடும்."

"ரசீது இருக்குங்க சார்."

"ரசீதை ஃபைல்ல வைக்காதீங்க. நீங்க பாத்தப்ப அங்க நெல்லு இருந்துச்சா?"

"நெல்லு இல்லிங்க. உளுந்து."

"நெல்லு இல்லல்ல. அப்பறம் என்ன?"

வேறு ஒரு விஷயமும் சொன்னார். மண் குத்தகை எடுக்கிறவருக்கு வளைகுடாவில் துறைமுக வேலைக்கு ஆள் அனுப்புகிற நண்பர் இருக்கிறாராம். நில அளவு தெரிந்தவர்களுக்கு அங்கே நல்ல சம்பளமாம். "உங்களுக்கு ரெண்டு தங்கச்சி இல்ல?" என்று கேட்டார்.

யாரும் என்னை மிரட்டவில்லை. அடுத்த நாள் காலையில், நல்ல வெளிச்சத்தில், என் மேசையில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். 'நீர் தேங்கும் தரிசு. சாகுபடி இல்லை. குடியிருப்போர் எவரும் இல்லை.' மஞ்சள் பையை அலமாரியின் அடித்தட்டில் போட்டு மூடினேன்.

நான்கு மாதத்தில் குடிசைகளைப் பிரித்தார்கள். அவர்கள் மறியல் செய்ததும், பலர் கைதானதும் எனக்குச் சொல்லித்தான் தெரியும். அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டையில் ஒரு உறவினர் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன்.

வளைகுடாவுக்கு விசா வந்த வாரம், எல்லைக்கல் நட்டுக் கொடுப்பதற்காகக் கடைசியாக அந்த இடத்துக்குப் போனேன். லாரிகள் மண் கொட்டிக்கொண்டிருந்தன. பெண்கள் கூடையில் அள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் வந்தார். பாக்கியம்.

அவரே சொன்னார். "இங்கதான் சார் இப்ப கூலி கெடைக்குது. வேற எங்க போறது?"

அவருடைய உளுந்து வயலின் மேல் அவரே மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ரசீதுப் பை. கோர்ட்டுக்குப் போலாம்னு சொல்றாங்க. திருப்பிக் குடுத்தீங்கன்னா..."

அது அலமாரியில்தான் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால், அதை நான் கோப்பில் சேர்க்கவே இல்லை என்பது தெரிந்துவிடும். ஒரு நொடிகூட யோசிக்காமல் என் வாய் பேசியது.

"எல்லாத்தையும் எழுதித்தான்மா மேல அனுப்பினேன். ரசீதும் சேத்துதான். அவங்க ஒத்துக்கல. பொய் எழுதச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். வேலையையே விட்டுட்டுப் போறேன்."

பாக்கியம் கண்கலங்கினார். "எங்களுக்காகவா சார்?" என்றார்.

அந்தக் கதையை நான் முதன்முதலில் சொன்னது அவரிடம்தான்.

5

பிறகு அதை எத்தனையோ பேரிடம் சொன்னேன். வளைகுடாவில் அறைத் தோழர்களிடம் சொன்னேன். பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்னேன். இங்கே வந்த புதிதில், என் படிப்பு இந்த ஊருக்குச் செல்லாது என்று சொல்லி அலுவலகம் அலுவலகமாக அலையவிட்டபோது, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முந்தைய வேலையை விட்ட காரணம் என்ற கட்டம் இருந்தது. அதிலும் என் அரைகுறை ஆங்கிலத்தில் அதையே எழுதினேன். பால் பண்ணையில் வேலை பார்த்த ஆண்டுகளில், 'நேர்மைக்குக் கிடைத்த கூலி இது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நாட்களும் உண்டு. திரும்பத் திரும்பச் சொன்னதில் பாதி நம்பவும் தொடங்கியிருந்தேன்.

சனிக்கிழமை மேகலா காரோட்ட, அந்த ஆற்றோரத்துக்குப் போனோம். கேரவனை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தது. உருளைக்கிழங்குப் பாத்தி நான்கு, இரண்டு குதிரைகள். விலாங்கு பிடிக்கிற வலையைச் சரிசெய்தபடி இந்த நாட்டின் பூர்வகுடியான ஒரு மாவோரிப் பெண் உட்கார்ந்திருந்தார். மேகலா படமெடுக்கப் போனதும் வேண்டாம் என்று கையைக் காட்டினார். தன் வீட்டார் நான்கு தலைமுறையாக இந்தக் கரையில் வலை போடுகிறவர்கள் என்றார்.

"நீ இதைப் பற்றி என்ன எழுதப்போகிறாய்?" என்று ஆங்கிலத்தில் மேகலாவைக் கேட்டார்.

"பார்த்ததை எழுதுவேன்," என்றாள் மேகலா.

திரும்பும் வழியில் அவள் வண்டியைப் பெரிய சாலைக்குக் கொண்டுவந்தாள். பிறகு சொன்னாள். "நீங்க வரச் சொல்லலன்னா நான் யாருமில்லன்னு எழுதியிருப்பேன்ப்பா. அவங்க கேட்டப்ப உங்களைத்தான் நெனச்சேன். உங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும், அவ்ளோ பெரிய ஆளுங்களை எதுத்து..."

"மேகலா, வண்டியை ஓரமா நிறுத்து."

நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். உளுந்தை, இளநீரை, மஞ்சள் பையை, விசாவை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கோபம் வந்தால் மேகலாவுக்குத் தமிழ் போய்விடும். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினாள். பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்தவரை போதும். நான் எழுதிய பொய்யைக்கூட அவள் மன்னித்துவிடுவாள் போலிருந்தது. அதை எழுத மறுத்ததாகச் சொல்லி முப்பது நாற்பது ஆண்டுகள் நல்ல பெயர் சம்பாதித்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை. கடைசியில் ஒன்றை மட்டும் தமிழில் சொன்னாள். "ஊருக்குப் போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

அன்று மாலையே வசந்தாவிடமும் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கப்பா உங்களைப் பத்தி விசாரிச்சப்ப இதைக் கேட்டுட்டுத்தான் சரின்னாரு," என்றாள். பிறகு மீதி வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள். அடுத்த ஆண்டு அந்த நாள் வந்தபோது வீட்டில் பாயசம் இல்லை.

மேகலா அறிக்கையில் கேரவனை, வலையை, பாத்தியை எல்லாம் எழுதினாள். இடம் இன்னும் முடிவாகவில்லை. அங்கேயே கட்டினாலும் கட்டுவார்கள். ஆனால் யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டு கட்ட முடியாது.

6

தை மாதம் ஊருக்குப் போனேன்.

சிறை நிற்கிறது. மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஊறுகிறது என்று எதிரே இருந்த டீக்கடைக்காரர் சொன்னார். சுற்றுச்சுவரை இரண்டு தடவை இடித்துக் கட்டினார்களாம். ஒரு பகுதியைத் திறக்கவே இல்லையாம். சாலைக்கு அப்பால், அந்தக் காலத்தில் மேடாக இருந்த இடத்தில், சம்பா கதிர் முற்றி நின்றது.

பாக்கியத்தின் பெயரைச் சொன்னதும், "செல்வி டீச்சரோட அம்மாதானே," என்று வழி காட்டினார். ஆற்றங்கரையில் பல ஆண்டுகள் இருந்த பிறகு அவர்களுக்குத் தொகுப்பு வீடு கிடைத்திருக்கிறது. மகள் செல்வி அரசுப் பள்ளி ஆசிரியை. நான் நிலத்தை அளந்தபோது கைக்குழந்தை. பாக்கியம் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். செல்வியிடம் யார் என்று சொன்னேன். முகம் மலர்ந்து நாற்காலி போட்டார். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"அம்மா இப்ப வந்துரும். அதுகிட்ட இதைச் சொல்லாதீங்க சார்."

"சொல்லத்தான் வந்தேன் டீச்சர்."

"தெரியுது. சொன்னா உங்களுக்கு மனசு லேசாயிடும். அதுக்கு? எங்க அப்பா ஜெயில்லேருந்து நோயோட வந்து, ரெண்டு வருசத்துல செத்துப்போனாரு. நிலம் போச்சு. ரசீது இல்லாம கேஸும் நிக்கல. ஆனா ஒரு ஆபீசரு எங்களுக்காக வேலையை விட்டுட்டுப் போனாருன்னு அது இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கு. எங்களையும் மனுசனா நெனச்சு ஒருத்தன் இருந்தான்னு. அதைச் சொல்லித்தான் என்னைப் படிக்க வச்சுது. அதையும் எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க."

நான் பதில் சொல்வதற்குள் பாக்கியம் வந்துவிட்டார். பையை வைத்துவிட்டு, கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தார். யாரென்று மகள் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்களால உங்க பொழப்பு போச்சே சார். அந்த நாட்டுல ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?"

"இல்லம்மா. நல்லா இருந்தேன்."

"புள்ளைங்க?"

"ஒரே பொண்ணு."

அவர் வாசலுக்குப் போய் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டார். "நான் சொல்லுவேன்ல, சர்வேயரு. அவருதான் வந்திருக்காரு." ஏழெட்டுப் பேர் வந்து நின்று என்னைப் பார்த்தார்கள். வயதான ஒருவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். செல்வி சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் அந்தக் கும்பிடுகள் அத்தனையையும் வாங்கிக்கொண்டேன். அதைவிடக் கேவலமான ஒரு பகல் என் வாழ்க்கையில் இல்லை.

செல்வி பேருந்து நிறுத்தம் வரை வந்தார். "எழுதவாவது செய்யட்டுமா?" என்று கேட்டேன்.

"அது இருக்கற வரைக்கும் வேணாம்," என்றார்.

போன மாதம் செல்வியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல முயன்றேன். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"எழுதணும்னு கேட்டீங்கல்ல. இப்ப எழுதுங்க சார். எங்க அம்மா பேரை மாத்தாதீங்க." போனை வைக்கும் முன் சொன்னார். "உங்க பேரையும் போடுங்க."

பாக்கியத்தின் பெயரை நான் மாற்றவில்லை. அந்த அறிக்கையை எழுதியவன் பெயர் ந. இராமலிங்கம்.